கப்பலில் ஒரு கிறிஸ்து பிறப்பு விழா

(திருவருகைக் காலத்தில் வானொலியில் ஒலித்த மறையுரைச் சிந்தனை, பங்கு மக்களின் வாசிப்புக்காக இங்கே தரப்படுகிறது.)



திருவருகைக் காலத்தின் நிறைவு நாள்களில் இருக்கிறோம். நம் வீடுகளில் குடில் வேலை தொடங்கிவிட்டது. பிள்ளைகள் வைக்கோலும் மணலும் தேடி அலைகிறார்கள். வாசலில் நட்சத்திரம் ஏறிவிட்டது. அடுப்படியில் முறுக்குக்கு மாவு இடித்தாயிற்று. புதுத்துணி தையல்காரரிடம் இருக்கிறது. எல்லாம் நிறைவாக இருப்பதுபோலத் தோன்றினாலும், சில வீடுகளில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. மகன் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலை செய்கிறான். அல்லது மகள் அருள்சகோதரியாக எங்கோ ஓர் ஆப்பிரிக்க நாட்டில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறாள்.

இப்படி ஒரு மகளை மறைப்பணிக்குக் கொடுத்த தாய் ஒருவர், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "நல்ல நாளும் அதுவுமா புள்ள வீட்டுக்கு வரக்கூடாதா சாமி? ஆண்டவர் அதுக்குமா வேணாம்பாரு?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இன்று உங்கள் முன்னிலையில் அந்தக் கேள்விக்குப் பதில் தேட விரும்புகிறேன். கிறிஸ்து பிறப்பு விழாவன்று, ஒரு மறைப்பணியாளர் தம் சொந்த வீட்டில் இல்லாமல் அந்நிய மண்ணில், யாரோ பெற்ற பிள்ளைகளோடு ஏன் இருக்கிறார்? அதில் அப்படி என்ன பொருள் இருக்கிறது?

கடல் நடுவே ஒரு பெருவிழா

1928-ஆம் ஆண்டு. பதினெட்டு வயது நிரம்பிய ஓர் இளம்பெண், செப்டம்பர் மாதக் கடைசியில் தான் பிறந்த ஸ்கோப்ஜே நகரை விட்டுப் புறப்பட்டார். அவர் பெயர் ஆக்னஸ். தாயும் அக்காவும் ஜாக்ரெப் நகர் வரை உடன்வந்து, இரயில் நிலையத்தில் வழியனுப்பினார்கள். அங்கிருந்து அயர்லாந்து சென்று லொரேட்டோ சபையில் சேர்ந்தார். டிசம்பர் 1-ஆம் நாள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பின்னாளில் உலகம் முழுவதும் அன்னை தெரசா என்று அழைத்த அதே பெண்தான்.

அந்தப் பயணம் ஐந்து வாரங்கள் நீடித்தது. ஆகவே அவருடைய மறைப்பணி வாழ்வின் முதல் கிறிஸ்து பிறப்பு விழா கரையில் நடக்கவில்லை, கடல் நடுவே நடந்தது. கப்பலில் கத்தோலிக்க அருள்பணியாளர் இல்லை. ஆகவே நள்ளிரவுத் திருப்பலியும் இல்லை. அவரும், உடன்வந்த மற்றொரு இளம்பெண்ணும், அதே கப்பலில் பயணம் செய்த பிரான்சிஸ்கன் அருள்சகோதரிகளும் சேர்ந்து கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு சிறு குடிலை அமைத்து, அதைச் சுற்றி நின்று பிறப்பு விழாப் பாடல்களைப் பாடினார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த இரவில் தாயின் நினைவு வந்திருக்காதா? வந்துதான் இருக்கும்.

டிசம்பர் 27 அன்று கப்பல் கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டது. பிறகு சென்னைக்கு வந்தது. ஆம் அன்பர்களே, கல்கத்தாவைக் காண்பதற்கு முன்பே அவர் நம் தமிழ் மண்ணைக் கண்டார். சென்னைத் தெருக்களில் வாழ்ந்த குடும்பங்களின் வறுமை அவரை உலுக்கிவிட்டது. வெயிலிலும் மழையிலும் தெருவே வீடாகக் கிடந்த மக்களைப் பற்றி அவர் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். கிறிஸ்து பிறப்பின் எட்டு நாள் கொண்டாட்டம் இன்னும் முடியாத நாள்கள் அவை. குடிலில் பாடி வணங்கிய குழந்தையை, சில நாள்கள் கழித்து நம் ஊர்த் தெருவோரத்தில் அவர் பார்த்தார். 1929 ஜனவரி 6-ஆம் நாள், ஞானிகள் குழந்தையைத் தேடிவந்த திருக்காட்சிப் பெருவிழாவன்று, கல்கத்தாவில் கரை இறங்கினார்.

வீட்டில் இருந்த தாய்

அந்த மகளைப் பற்றிப் பேசும் நாம், அவரை அனுப்பிவைத்த தாயைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் பெயர் திரானா. கணவர் 1919-இல் இறந்துபோக, தையல், பூவேலை என்று உழைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஆனாலும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏழை ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். கைம்பெண் ஒருவர் இறந்தபோது அவருடைய ஆறு பிள்ளைகளையும் தம் பிள்ளைகளோடு சேர்த்து அரவணைத்துக்கொண்டார். பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கும் பாடத்தை ஆக்னஸ் எந்த மடத்திலும் கற்கவில்லை. தன் தாயின் அடுப்படியில்தான் கற்றார்.

தாயின் உள்ளம் மகளைப் பிரிந்து வருந்தியது உண்மை. ஆனால் அந்தத் தாய், "திரும்பி வா" என்று எழுதவில்லை. கல்கத்தாவில் தாம் பள்ளி ஆசிரியையாக மகிழ்ச்சியோடு இருப்பதாக மகள் எழுதியபோது, நீ ஏழைகளுக்காகத்தான் அங்கே போனாய், அதை மறந்துவிடாதே என்ற பொருளில் தாயிடமிருந்து மறுமொழி வந்தது. உடலெல்லாம் புண்ணாகி, யாரும் அண்டாமல் கிடந்த ஊர்ப் பெண் ஒருத்தியையும் அக்கடிதத்தில் அவர் நினைவூட்டினார். புண்ணைவிட, தனிமைதான் அவளை அதிகம் வருத்தியது என்று தாய் சொல்லியிருந்தார்.

ஜாக்ரெப் இரயில் நிலையத்தில் பிரிந்த தாயும் மகளும் மீண்டும் சந்திக்கவேயில்லை. திரானா பின்னாளில் அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் குடியேறினார். ஊரின் பெயரும் அவர் பெயரும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அந்நாட்டின் கம்யூனிச ஆட்சி 1967-இல் எல்லாக் கோவில்களையும் மூடியது. தாயை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அன்னை தெரசா எவ்வளவோ முயன்றும் அனுமதி கிடைக்கவில்லை. 1972-இல் தாய் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1989-இல்தான் அன்னை தெரசாவால் அந்தக் கல்லறைக்குச் சென்று செபிக்க முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடைசி ஆண்டுகளில் வெளிநாட்டில் இருந்த மகளுக்கு நள்ளிரவுத் திருப்பலி இருந்தது, குடில் இருந்தது, சுற்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டிலிருந்த தாய்க்குத்தான் கோவில் மணியோசைகூட இல்லாமல் போயிற்று. நாம் "வெளியூரில் தனியாகக் கிடக்கிறாளே" என்று மகளை நினைத்து ஏங்குகிறோம். சில நேரங்களில் நம் செபம் தேவைப்படுவது வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு!

குச்சியால் எழுதிய பாடம்

இன்னொரு டிசம்பருக்கு வருவோம். ஆண்டு 1948. லொரேட்டோ மடத்தின் பாதுகாப்பை விட்டு, நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையோடு அன்னை தெரசா வெளியே வந்திருந்தார். பாட்னாவில் அருள்சகோதரிகளின் மருத்துவமனையில் சில மாதங்கள் நோயாளர் பராமரிப்பைக் கற்றுக்கொண்டு கல்கத்தா திரும்பினார். டிசம்பர் 21 அன்று மோத்திஜீல் என்ற சேரிக்குள் முதன்முறையாகப் பணிக்காக நடந்து சென்றார். கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் நான்கே நாள்கள்!

அவர் தொடங்கிய பள்ளிக்குக் கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை. மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு குச்சியை எடுத்துத் தரையில் எழுத்துகளை எழுதினார். அழுக்கோடு வந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சுத்தம் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தொடக்க நாள்களில் கால் வலிக்க வலிக்க வீடு தேடி அலைந்தபோது, பழைய மடத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்ற சோதனையும் தமக்கு வந்ததாக அவரே குறித்து வைத்திருக்கிறார். புனிதர்களுக்கு வீட்டு நினைவு வராது, சோர்வு வராது என்று நினைப்பது தவறு. வரும். வந்தாலும், அடுத்த நாள் காலை அந்த மரத்தடிக்குப் போனார்கள், அதுதான் புனிதம். 1955-இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக அவர் சிசு பவன் இல்லத்தைத் திறந்தார். அந்த மரத்தடியில் தொடங்கிய பாதைதான் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதல் கிறிஸ்து பிறப்பு எங்கே நடந்தது?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். கிறிஸ்து பிறப்பு என்பது குடும்ப விழா. குடும்பம் ஒன்றுகூட வேண்டிய நாள். அதில் ஐயமில்லை. ஆனால் முதல் கிறிஸ்து பிறப்பு யாருடைய வீட்டில் நடந்தது? மரியாவுக்கும் யோசேப்புக்கும் நாசரேத்தில் வீடு இருந்தது. தாய்வீட்டில், உறவுப் பெண்கள் சூழ நடந்திருக்க வேண்டிய பேறுகாலம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் காரணமாகப் பெத்லகேமில் நடந்தது. விடுதியில் இடம் கிடைக்கவில்லை (லூக் 2:1-7). பார்க்க வந்தவர்கள் சொந்தக்காரர்கள் அல்ல. வயல்வெளியில் இரவுக்காவல் இருந்த இடையர்கள். பிறகு ஏரோதுக்கு அஞ்சி, கைக்குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடினார்கள் (மத் 2:13-15). மொழி தெரியாத நாட்டில், யாரோ ஒருவர் இடம் கொடுத்ததால்தான் நம் ஆண்டவர் உயிர் பிழைத்து வளர்ந்தார்.

திருச்சபையின் வழிபாட்டு ஆண்டைப் பாருங்கள். டிசம்பர் 25 பெருவிழா முடிந்த மூன்றாம் நாளே, டிசம்பர் 28 அன்று, மாசில்லாக் குழந்தைகளின் விழாவைத் திருச்சபை வைத்திருக்கிறது. குடிலின் விளக்கு அணையும் முன்பே, துன்புறும் குழந்தைகளைத் திரும்பிப் பார் என்று தாய்த் திருச்சபை நம்மிடம் சொல்கிறது. சிறு பிள்ளை ஒன்றைத் தம் பெயரால் ஏற்றுக்கொள்பவர் தம்மையே ஏற்றுக்கொள்கிறார் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மாற் 9:37). அப்படியானால், வெளிநாட்டில் ஓர் அனாதைக் குழந்தைக்குத் தலைசீவி, புதுத்துணி போட்டு, கோவிலுக்குக் கைபிடித்து அழைத்துப் போகும் அருள்சகோதரி கிறிஸ்து பிறப்பை இழந்துவிடவில்லை. நாம் களிமண்ணில் செய்து வைக்கும் குடிலை, அவர் உயிருள்ள பிள்ளைகளோடு வைத்துக் கொண்டாடுகிறார்.

வேறொரு காரணமும் உண்டு. அது மிக எளிமையானது. மற்றவர்களுக்கு விடுமுறை கிடைக்கும் நாளில்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. நம் ஊர் விடுதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் வந்து பெட்டியோடு பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். எல்லாரும் போன பிறகும் சில பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களை அழைக்க யாரும் வரமாட்டார்கள். அந்த நாளில் விடுதிப் பொறுப்பாளரும் ஊருக்குப் போய்விட்டால், அந்தப் பிள்ளைக்கு விழா ஏது? அதனால்தான் மறைப்பணியாளர் ஊருக்கு வருவதில்லை. சில நாள்கள் வேறு மாதத்தில் வருவார், டிசம்பரில் வரமாட்டார்.

நம் மண்ணுக்கு வந்த பிள்ளைகள்

நம் புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதிய செய்தி அல்ல. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வெளிநாட்டுத் தாய்மார்களின் பிள்ளைகள் நம்மிடம் வந்தார்கள். புனித அருளானந்தரை நினைத்துப் பாருங்கள். லிஸ்பனில் அரச குடும்பத்துக்கு நெருக்கமான வீட்டில் பிறந்தவர். இந்தியாவுக்குப் போகிறேன் என்றதும், எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று அவர் தாய் திருத்தந்தையின் தூதரிடம்கூட முறையிட்டார். அந்தத் தாயின் தவிப்பும் நம் பங்குத் தாயின் தவிப்பும் ஒன்றுதானே? ஆயினும் 1673-இல் மகன் கப்பலேறினார். இடையில் ஒருமுறை போர்ச்சுக்கலுக்குத் திரும்பியபோது, அரசரே தங்கிவிடச் சொல்லியும் தங்காமல் மறவர் நாட்டுக்கே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று, நம் மாவட்டத்துக்குத் தெற்கே உள்ள ஓரியூரில் இரத்தம் சிந்தினார்.

ஆவூர்ப் பெரியநாயகி அன்னையின் ஆலயத்துக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. பாஸ்காவுக்கும் தேருக்கும் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். அந்த ஊரில் உழைத்த இயேசு சபைத் தந்தையர் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அங்கே பணியாற்றியவர்களில் ஒருவராக நம் முன்னோர் போற்றும் வீரமாமுனிவர், 1710-இல் இத்தாலியிலிருந்து வந்தார். மீண்டும் சொந்த ஊரைப் பார்க்கவில்லை. 1747-இல் இந்திய மண்ணிலேயே இறந்தார். அவர் நமக்குத் தந்த தேம்பாவணிக் காவியத்தின் தலைவர் யார்? ஊரை விட்டு ஊர் போய், எகிப்தில் அகதியாய்க் குழந்தையைக் காத்த புனித யோசேப்பு! வீட்டை விட்டு வந்த ஒருவர், வீட்டை விட்டு வந்த மற்றொருவரைப் பாடினார். அதையும் தம் தாய்மொழியில் பாடாமல் நம் மொழியில் பாடினார். எத்தனையோ தாய்மார்கள் ஐரோப்பாவில் வெறுமையான இடத்தோடு கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியதால்தான் இன்று நம் ஊர்களில் கோவில் மணி ஒலிக்கிறது. நாம் பெற்ற கடனை இன்று நம் பிள்ளைகள் வழியாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

நம் வாசலில் இருக்கும் எகிப்து

அன்பு நேயர்களே, பிறர் பிள்ளைக்காக எல்லாரும் கப்பலேற முடியாது; ஏறவும் வேண்டாம். ஊரை விட்டு வந்த பிள்ளைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். லேனா விளக்கிலும், அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. போருக்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு கடல் கடந்த குடும்பங்கள் அவை. பெற்றோர் பேசும் ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகள் அங்கே வளர்ந்து நிற்கிறார்கள். எகிப்தில் திருக்குடும்பம் இருந்த நிலையிலிருந்து அவர்கள் நிலை எந்த வகையில் வேறுபட்டது? கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருப்பவர்களிலும் நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் உண்டு. பாடல் புரியாமல் கோவிலின் கடைசி வரிசையில் நிற்கும் அவர்களை நாம் எத்தனை முறை திரும்பிப் பார்த்திருக்கிறோம்?

இந்த ஆண்டு நாம் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பங்கிலிருந்து மறைப்பணிக்குச் சென்றிருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் நள்ளிரவுத் திருப்பலியின் மன்றாட்டில் சொல்வோம். அவர்களுடைய பெற்றோரைத் திருப்பலிக்குப் பின் ஒரு வீடாவது விருந்துக்கு அழைக்கட்டும். அன்று மாலை மகளிடம் தொலைபேசியில் பேசும்போது, "நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். "அங்க உன் புள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவருக்கு ஓராண்டுக்குத் தெம்பு தரும்.

இரண்டாவது, விடுதியில் தங்கிவிட்ட பிள்ளைகளையும், முகாமில் உள்ள குடும்பங்களையும், நிர்வாகத்தினரிடம் முறையாகக் கேட்டு அனுமதி பெற்று, பங்கின் சார்பாகப் போய்ப் பாருங்கள். கேக்கைக் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பேருந்து நிலையத்திலோ கடைத்தெருவிலோ ஆதரவற்றுத் திரியும் குழந்தையைக் கண்டால், நாமாகவே எங்கும் கூட்டிச் செல்லாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். அதுவும் குழந்தை இயேசுவுக்கு இடம் கொடுப்பதே.

மூன்றாவது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். 1843-இல் பிரான்சு நாட்டு ஆயர் சார்லஸ் தெ ஃபோர்பின்-ஜான்சன் பாலர்களுக்கென ஒரு மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். அவர் பிள்ளைகளிடம் கேட்டது இரண்டுதான்: நாள்தோறும் ஓர் அருள்நிறை மரியே செபம், மாதம் ஒரு சிறு காசு. தொலைதூரத்துக் குழந்தைகளைப் பிள்ளைகளே காப்பாற்றலாம் என்று அவர் நம்பினார். நம் பங்கின் பாலர் சபையும் அந்த வழியில் வந்ததே. குடிலுக்குப் பக்கத்தில் ஓர் உண்டியலை வையுங்கள். பட்டாசுக் காசில் ஒரு பங்கைப் பிள்ளையே தன் கையால் போடட்டும். 1979 டிசம்பரில் ஓஸ்லோ நகரில் நோபல் பரிசு பெற்றபோது, தமக்காக ஏற்பாடான விருந்தை வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கேட்டு வாங்கினார் அன்னை தெரசா. நம் விழாச் செலவிலும் அப்படி ஒரு பங்கை எடுத்து வைக்க முடியாதா?

கடைசியாக, என்னிடம் கேட்ட அந்தத் தாய்க்கு ஒரு சொல். அம்மா, ஆண்டவர் உங்கள் ஏக்கத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. தம் தாயின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்னபோது, அவர் அந்தத் தாயின் கைக்குழந்தையாக இருந்தார். நீங்கள் அழலாம். அழுதுவிட்டுக் குடிலின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அதே இரவில், உங்களுக்குப் பெயர் தெரியாத ஓர் ஊரில், உங்கள் மகளின் மடியில் ஒரு குழந்தை தூங்கும். அந்தக் குழந்தைக்கு நீங்கள் பாட்டி. பெத்லகேமில் இடம் இல்லாமல் நின்ற குழந்தைக்கு, உங்கள் வீட்டு வெற்றிடத்தைத்தான் நீங்கள் இடமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

பிறக்கவிருக்கும் பாலன் இயேசு, தொலைவில் இருக்கும் நம் பிள்ளைகளையும், அவர்கள் அரவணைக்கும் பிள்ளைகளையும், காத்திருக்கும் பெற்றோர்களையும் ஒரே குடிலுக்குள் சேர்த்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.